சாய்ந்து நிற்கும் எழுத்து

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நியூயார்க் நகரின் சில சுரங்க ரயில் நிலையங்களில் பயண அட்டை விற்கும் இயந்திரங்களின் முன் இளைஞர்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலருக்கு ரயில் ஏறும் எண்ணமே இல்லை. அந்த இயந்திரங்களிலிருந்து வரும் சில அட்டைகளின் பின்புறத்தில் ஒரு சிவப்புக் கட்டமும் அதற்குள் வெள்ளை நிறத்தில் ஒரே ஒரு சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. ‘சுப்ரீம்’ என்னும் ஆடை நிறுவனத்தின் பெயர் அது. அட்டையின் விலை எப்போதும் உள்ள விலைதான். ஆனால், வாங்கியவர்கள் அதைப் பல மடங்கு விலைக்கு இணையத்தில் விற்றார்கள்.

அந்தக் கட்டத்தில் படம் இல்லை; சின்னம் இல்லை. சிவப்பு நிறத்தையும் எழுத்தின் வடிவத்தையும் தவிர வேறொன்றும் இல்லை. எழுத்து தடித்திருந்தது, வலப்புறம் சாய்ந்திருந்தது, அதன் கோடுகளின் முனைகளில் அலங்காரம் ஏதும் இல்லை. ‘ஃபியூச்சுரா’ என்னும் எழுத்துருக் குடும்பத்தின் தடித்த சாய்வு வடிவம் அது. அந்த வடிவம் அதே நகரில் வாழும் ஓர் ஓவியரை உடனே நினைவூட்டும். அந்த ஓவியரோ, பொருள்களுக்காக மக்கள் இப்படி வரிசையில் நிற்பதைத்தான் தம் வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டு வந்தவர். இந்த முரண் எப்படி ஏற்பட்டது என்பதை அறிய அந்த எழுத்தின் கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும்.

மூன்று பண்புகள், மூன்று காலங்கள்

தடிமன், சாய்வு, முனைக்கோடு இல்லாமை ஆகிய மூன்றும் இன்று ஒரே எழுத்தில் சேர்ந்து காணப்பட்டாலும், அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை.

சாய்வுதான் மூத்தது. இத்தாலியின் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டுஸ் மனுட்டியுஸ் 1501ஆம் ஆண்டில் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவருக்காக அந்த எழுத்துகளை உலோகத்தில் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்தில் கற்றவர்கள் வேகமாக எழுதும்போது அவர்களின் கையெழுத்து இயல்பாகவே வலப்புறம் சாய்ந்தது. அந்தக் கையெழுத்தையே கிரிஃபோ பின்பற்றினார். இன்று ஒரு சொல்லை அழுத்திக் காட்ட மட்டும் சாய்வெழுத்தைப் பயன்படுத்துகிறோம். அன்றோ முழு நூலும் சாய்வெழுத்தில் இருந்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய நூல்களுக்கு நெருக்கமான அந்த எழுத்து பொருத்தமாக இருந்தது.

தடித்த எழுத்தை வளர்த்தவை நூல்கள் அல்ல, தெருக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரச் சுவர்களில் நாடகம், லாட்டரிச் சீட்டு, மருந்து என எல்லாவற்றுக்கும் சுவரொட்டிகள் பெருகின. பக்கத்துச் சுவரொட்டியைவிடத் தன் சுவரொட்டி உரக்கப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு வணிகரும் விரும்பினார். எழுத்துகள் பருத்தன.

முனைக்கோடு பற்றியும் இங்கே அறிந்துகொள்வது நல்லது. நாளிதழில் வரும் ஆங்கில எழுத்துகளை உற்றுப் பார்த்தால், கோடுகள் முடியும் இடத்தில் சிறு பாதம் போன்ற ஒரு குறுக்குக்கோடு இருப்பதைக் காணலாம். அதற்குச் ‘செரிஃப்’ என்று பெயர். அது இல்லாத எழுத்துரு ‘சான்ஸ் செரிஃப்’ எனப்படும். 1816ஆம் ஆண்டு அளவில் லண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் கேஸ்லன் தம் மாதிரி நூலில் இத்தகைய எழுத்தை முதன்முதலில் அச்சிட்டுக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து வந்த மற்றோர் எழுத்து வார்ப்பகம் அவ்வகை எழுத்துக்கு ‘குரோட்டெஸ்க்’ என்று பெயர் சூட்டியது. ‘விகாரமானது’ என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இன்று கைத்தொலைபேசித் திரை முழுவதும் நிறைந்திருக்கும் எழுத்துக்கு அன்று கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்!

ரென்னரின் எழுத்து

ஃபியூச்சுராவை வடிவமைத்தவர் பால் ரென்னர் என்னும் ஜெர்மானியர். 1878இல் பிறந்த அவர் ஓவியராகவும் நூல் வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். 1920களில் அவர் ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டார். கட்டடங்களும் வாகனங்களும் இயந்திரக் காலத்துக்கு ஏற்ப மாறிவிட்டன. எழுத்து மட்டும் ஏன் இறகுப் பேனாவின் காலத்திலேயே நிற்க வேண்டும்? வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய அடிப்படை வடிவங்களைக் கொண்டு அவர் ஒரு புதிய எழுத்தை வரைந்தார். பிராங்க்ஃபர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் அதை வெளியிட்டது. ‘ஃபியூச்சுரா’ என்றால் லத்தீன் மொழியில் ‘வரப்போவது’ என்று பொருள். முதலில் நேராக நிற்கும் எழுத்துகளே வந்தன. சாய்வு வடிவங்கள் பின்னர்தான் சேர்ந்தன.

கவராயத்தையும் அடிக்கோலையும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இப்படி வரைந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி வரைந்தால் எழுத்து கெட்டுவிடும். காரணம், நம் கண் அடிக்கோலைப்போல் அளப்பதில்லை. ஒரே தடிமனில் வரைந்த கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் அருகருகே இருந்தால் கிடைக்கோடே தடித்துத் தெரியும். ஒரே உயரத்தில் வரைந்த வட்டமும் சதுரமும் அருகருகே இருந்தால் வட்டம் சற்றுச் சிறியதாகத் தெரியும். ஆகவே, ஃபியூச்சுராவின் வட்ட எழுத்துகள் மற்றவற்றைவிட மிகச் சிறிதளவு மேலும் கீழும் நீண்டிருக்கும். வளைவு நேர்க்கோட்டுடன் சேரும் இடத்தில் மை தேங்கியதுபோல் தெரியாமலிருக்க, அங்கே கோடு மெலிந்திருக்கும். கணக்கின்படி செய்ததுபோல் தோன்றுவதற்காக அந்த எழுத்து கணக்கை மீறியிருக்கிறது. அதன் பெரிய எழுத்துகளின் அளவு விகிதங்களோ பழைய ரோமானியக் கல்வெட்டுகளைத் தழுவியவை. எதிர்காலத்தின் பெயரைத் தாங்கிய எழுத்தின் எலும்புக்கூடு ஈராயிரம் ஆண்டுப் பழமையானது.

ஜெர்மனியில் அக்காலத்தில் எழுத்து என்பது வெறும் அழகு சார்ந்த செய்தி அன்று, அது அரசியல். முறிந்த கோடுகளைக் கொண்ட ‘ஃபிராக்டூர்’ எழுத்துதான் உண்மையான ஜெர்மானிய எழுத்து என்று பலர் வாதிட்டனர். புதிய கலையும் புதிய எழுத்தும் அந்நியச் சதி என்று நாஜிக் கட்சியினர் பழித்தனர். ரென்னர் வாய்மூடி இருக்கவில்லை. அவர்களின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932இல் ஒரு சிறு நூல் எழுதினார். அது சுவிட்சர்லாந்தில் வெளியானது. மறு ஆண்டு நாஜிகள் ஆட்சியைப் பிடித்தனர். மியூனிக் நகர அச்சுக்கலைப் பள்ளியில் ரென்னரால் பணியில் சேர்க்கப்பட்டிருந்த யான் சிஹோல்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் கைது செய்யப்பட்டார். அடுத்துச் சில வாரங்களில் அப்பள்ளியின் தலைவராக இருந்த ரென்னரும் கைதானார். விரைவில் விடுதலை கிடைத்தாலும் பதவி போயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1941ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், அதே நாஜி அரசு ஃபிராக்டூர் வகை எழுத்துகள் யூதர்களுடையவை என்று பொய்க்காரணம் கூறி அவற்றைக் கைவிடுமாறு ஆணையிட்டது. பல நாடுகளை ஆக்கிரமித்திருந்த அந்த அரசுக்கு, அங்குள்ள மக்கள் படிக்கக்கூடிய எழுத்து தேவைப்பட்டது. நேற்றுவரை தேசப்பற்றின் அடையாளமாக இருந்த எழுத்து ஒரே நாளில் பகையாயிற்று. எழுத்து மாறவில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள்தான் மாறியது.

ஃபியூச்சுரா கடல் கடந்து சென்று அமெரிக்க விளம்பரங்களில் குடியேறியது. 1969இல் அப்போலோ 11 விண்கலத்தில் சென்றவர்கள் நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகமும் அந்த எழுத்தில்தான் பொறிக்கப்பட்டது.

சாய்த்தால் என்ன ஆகும்?

சாய்வில் இரண்டு வகை உண்டு. கிரிஃபோ செதுக்கியது கையெழுத்திலிருந்து பிறந்த சாய்வு. அதில் சில எழுத்துகளின் வடிவமே நேரெழுத்திலிருந்து வேறுபடும். ஃபியூச்சுராவின் சாய்வு அப்படிப்பட்டது அன்று. நேரெழுத்தையே காற்றில் வளைந்த தென்னையைப்போல் ஒரு பக்கம் சரித்தது அது. ஆனால், வெறுமனே சரித்துவிட்டால் போதாது. கணினியில் ஒரு வட்டத்தை வலப்புறம் சரித்துப் பார்த்தால், மேல் வலப்புறமும் கீழ் இடப்புறமும் கோடு பருத்துவிடும். மற்ற இரு பக்கமும் மெலிந்துவிடும். தடித்த எழுத்தில் இந்தக் குறை இன்னும் பளிச்செனத் தெரியும். நல்ல வடிவமைப்பாளர் ஒவ்வொரு வளைவையும் மீண்டும் திருத்தி வரைவார்.

நிமிர்ந்து நிற்பவர் அமைதியாக இருப்பதாகவும் முன்னோக்கிச் சாய்ந்தவர் ஓடப்போவதாகவும் நாம் கொள்கிறோம். எழுத்தையும் அப்படியே பார்க்கிறோம். அதனால்தான் பந்தயக் கார், விளையாட்டுக் காலணி, விரைவு அஞ்சல், ‘மாபெரும் மலிவு விற்பனை’ என எங்கெல்லாம் வேகமும் அவசரமும் தேவையோ, அங்கெல்லாம் தடித்த சாய்வெழுத்து வந்து நிற்கிறது. தடிமன் குரலை உயர்த்துகிறது. சாய்வு நம்மை அவசரப்படுத்துகிறது. முனைக்கோடு இல்லாமை பேச்சைச் சுருக்குகிறது. மூன்றும் சேரும்போது அந்த எழுத்து கிட்டத்தட்டக் கட்டளையிடுகிறது.

கட்டளையைத் திருப்பியவர்

இந்தக் கட்டளைக் குரலை நன்கு அறிந்தவர் பார்பரா குரூகர். 1945இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் பிறந்த அவர், இளம் வயதில் ‘மாட்மொசெல்’ என்னும் பெண்கள் இதழில் பக்க வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். எந்தப் படத்தின்மேல் எந்தச் சொல்லை எவ்வளவு பெரிதாக வைத்தால் வாசகரின் கை பக்கத்தைப் புரட்டாமல் நிற்கும் என்பது அவருடைய அன்றாட வேலை. பின்னர் ஓவியரானபோது அந்தத் தொழில்நுட்பத்தை அவர் விட்டுவிடவில்லை. பழைய இதழ்களிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கி, அவற்றின்மேல் சிவப்புப் பட்டைகளை ஒட்டி, அவற்றில் தடித்த சாய்ந்த ஃபியூச்சுராவில் சில சொற்களை எழுதினார். பார்ப்பதற்கு விளம்பரம்போல் இருக்கும். படித்தால், விளம்பரம் ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்கும்.

1987இல் அவர் உருவாக்கிய படைப்பு ஒன்று பெரும் புகழ் பெற்றது. ‘சிந்திப்பதால் நான் இருக்கிறேன்’ என்ற கருத்தைத் தந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த். குரூகர் அதில் சிந்தனையை எடுத்துவிட்டுக் கடையில் பொருள் வாங்குவதை வைத்தார். வாங்குவதால் மட்டுமே தான் இருப்பதாக நினைக்கும் மனிதரை அந்த ஒரே வரியில் காட்டினார். அதையே பலர் பையில் அச்சிட்டு வாங்கிக்கொண்டு போனது அந்த வரிக்குக் கிடைத்த இன்னொரு சான்று எனலாம். 1989இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் உரிமைப் பேரணிக்காக அவர் உருவாக்கிய சுவரொட்டியிலும் அதே எழுத்துதான்.

1994ஆம் ஆண்டு நியூயார்க்கில் சறுக்குப் பலகை இளைஞர்களுக்காக ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. அதுதான் சுப்ரீம். சிவப்புக் கட்டத்தில் வெள்ளைச் சாய்வெழுத்தில் அதன் பெயர் எழுதப்பட்டது. எழுத்தின் தடிமன் குரூகர் பயன்படுத்தியதிலிருந்து சிறிதே மாறுபட்டாலும், இரண்டையும் அருகருகே பார்ப்பவருக்கு உறவு புரியும். நுகர்வைக் கேலி செய்யப் பிறந்த வடிவம் நுகர்வின் முத்திரையாகிவிட்டது.

இது திருட்டா? சட்டத்தின் பார்வையில் விடை எளிதன்று. முதலாவதாக, ஃபியூச்சுரா குரூகருடையது அன்று, ரென்னருடையது. இரண்டாவதாக, அமெரிக்கச் சட்டம் எழுத்துகளின் வடிவத்துக்குப் பதிப்புரிமை தருவதில்லை. எழுத்துருவை இயக்கும் கணினி நிரலுக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால், ஒரு நிறுவனம் தன் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆக, ஒரு பாணியை உருவாக்கியவரைக் காக்காத சட்டம் அதைச் சின்னமாக்கியவரைக் காக்கக்கூடும்.

2013இல் அதுவே நடந்தது. சுப்ரீமின் சின்னத்தைக் கேலி செய்து சட்டை அச்சிட்ட ஒரு சிறு ஆடை நிறுவனத்தின்மேல் சுப்ரீம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. இதுபற்றிச் செய்தியாளர் ஒருவர் குரூகரிடம் கருத்துக் கேட்டார். அவரிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு கோப்பு மட்டும் வந்தது. ‘முட்டாள்கள்’ என்பதுதான் அந்தக் கோப்பின் பெயர். தம் படைப்புகள் பேசுவதே இத்தகைய அசட்டுக் கூத்தைப் பற்றித்தான் என்றும், இவர்கள் எல்லாரும் தம்மீதும் வழக்குப் போடட்டும் என்று காத்திருப்பதாகவும் அதில் அவர் எழுதியிருந்தார். அதே ஆண்டில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து வழக்கை முடித்துக்கொண்டன. குரூகர் யார்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை.

தமிழைச் சாய்த்தால்

தமிழ் அச்சில் கிரிஃபோவின் சாய்வைப் போன்ற மரபு ஒன்று இல்லை. தமிழ் நூல்களும் நாளிதழ்களும் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட மேற்கோள்குறியையோ தடித்த எழுத்தையோதான் பெரும்பாலும் நாடுகின்றன. திரைப்படச் சுவரொட்டிகளிலும் கடைப் பலகைகளிலும் ஓவியர்கள் தூரிகையால் தமிழைச் சாய்த்து எழுதியது உண்டு. அவர்கள் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் பார்த்துத் திருத்தினார்கள். கணினியில் பொத்தானை அழுத்திச் சாய்க்கும்போது அந்தத் திருத்தம் நடப்பதில்லை. மெய்யெழுத்தின் புள்ளி வலப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்தின் மேல் போய் நிற்கும். ‘ழ’கரத்தின் கீழ் வளைவு எதிர்ப்பக்கம் இழுபடும்.

தடிமனிலும் எச்சரிக்கை தேவை. ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. எழுத்தை அளவுக்கு மீறித் தடிக்க வைத்தால் சுழிகளுக்குள் உள்ள வெள்ளை இடம் அடைபட்டுவிடும். அப்போது தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று தெரியாது. ‘வாணம்’ விற்கும் கடை ‘வானம்’ விற்கத் தொடங்கிவிடும். எனவே, தமிழுக்குத் தடித்த எழுத்துரு செய்பவர் ரோமன் எழுத்தின் அளவுகளை அப்படியே கொண்டுவர முடியாது. சுழிகளுக்கு இடம் விட்டு, எழுத்தை அகலமாக்கித் தனியே வரைய வேண்டும். கணினித் தமிழுக்கு இத்தகைய உழைப்பைத் தந்தவர்களில் மலேசியரான முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். அவர் உருவாக்கிய ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது.

எந்த மொழியானாலும், தடித்த சாய்வெழுத்து தலைப்புக்கும் சில சொற்களுக்கும் மட்டுமே உரியது. ஒரு பத்தி முழுவதையும் அதில் அச்சிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் கத்திப் பேசியதுபோல் வாசகர் களைத்துப்போவார். பள்ளி விளையாட்டு விழாப் பதாகையில் ‘ஓட்டப் பந்தயம்’ என்பதை அப்படி எழுதலாம். அதே பதாகையில் நேரமும் இடமும் நிமிர்ந்த, மெலிந்த எழுத்தில் இருந்தால்தான் பெற்றோர் படிப்பார்கள். இரங்கல் செய்திக்கு இந்த எழுத்து ஒருபோதும் பொருந்தாது.

நவம்பர் மாதத்து அட்டை

2017ஆம் ஆண்டு நவம்பரில், முன்பு இளைஞர்கள் வரிசையில் நின்ற அதே சுரங்க ரயில் அமைப்பில் வேறு சில பயண அட்டைகள் விற்பனைக்கு வந்தன. இம்முறை அவற்றை வடிவமைத்தவர் பார்பரா குரூகர். நகரில் நடந்த ஒரு கலைவிழாவுக்காக அவர் அதைச் செய்தார். அட்டையில் எந்தக் கடையின் பெயரும் இல்லை. கேள்விகள் இருந்தன: யார் பேசுகிறார், யார் மௌனமாக்கப்படுகிறார் என்பது போன்றவை. மன்ஹாட்டன் பாலத்தின் அடியில் உள்ள சறுக்குப் பலகைத் திடல் ஒன்றையும் அவர் தம் சொற்களால் மூடினார். சிறிது காலம் மட்டும் திறந்திருந்த ஒரு கடையில் தம் வாசகங்கள் அச்சிட்ட சட்டைகளையும் தொப்பிகளையும் விற்பனைக்கு வைத்தார். அங்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

சுப்ரீம் நிறுவனம் 2020இல் இருநூற்றுப் பத்துக் கோடி டாலருக்குக் கைமாறியது. 2024இல் மீண்டும் கைமாறியபோது அதன் விலை நூற்றைம்பது கோடி டாலர். ஃபியூச்சுராவின் தடித்த சாய்வு வடிவத்தை இன்று யாரும் முறையாக விலைகொடுத்துப் பெற்றுப் பயன்படுத்தலாம். சிவப்புக் கட்டத்தில் அதை வெள்ளையாக அச்சிட்டால், பார்ப்பவர்களில் ஒருவர் சுப்ரீமின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் குரூகரின் பெயரைச் சொல்வார். ரென்னரின் பெயரைச் சொல்பவர் அரிது.